கூட விற்பவருக்கா கூட மிஞ்சுகிறது?

மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் நிற்பவர்களின் கைகளைப் பார்த்தால் ஸ்மார்ட்போன் சந்தை யாருடையது என்பதில் சந்தேகமே வராது. சம்சுங் ஏ வரிசை, ரெட்மி, விவோ, ஒப்போ, இடையிடையே ஒரு பழைய ஹுவாவி. ஐபோனும் தென்படும். அதில் பல, கட்டாரிலோ சவூதியிலோ வேலை செய்கிற அண்ணனோ மச்சானோ கொண்டுவந்தவை, அல்லது கடையில் செகண்ட் ஹேண்டாக வாங்கியவை. இதைப் பார்க்கும் யாரிடமாவது எந்தக் கம்பனி அதிகம் உழைக்கிறது என்று கேட்டால், அதிகம் பேர் கையில் எது இருக்கிறதோ அந்தக் கம்பனியைத்தான் சொல்வார்கள். கணக்கு அப்படி வரவில்லை. கவுன்டர்பொயின்ட் என்ற ஆய்வு நிறுவனம் சொன்னபடி, 2022 ஆம் ஆண்டு உலகம் முழுவதும் அனுப்பப்பட்ட ஸ்மார்ட்போன்களில் அப்பிளின் பங்கு 18 சதவீதம். விற்பனை வருமானத்தில் அதன் பங்கு 48 சதவீதம். தொழிற்பாட்டு இலாபத்தில் 85 சதவீதம்.

'உலகின் முதலிடம்' என்று செய்தியில் வருவது பெரும்பாலும் முதல் வகை எண்தான். அது கடையில் எத்தனை போன் விற்றது என்பதுகூட இல்லை. தொழிற்சாலையிலிருந்து விநியோகஸ்தருக்கு எத்தனை போன் போனது என்ற கணக்கு. கொழும்பில் ஏஜென்டின் களஞ்சியத்தில் மூன்று மாதம் தூசி பிடித்துக் கிடந்தாலும் அந்தப் போன் எண்ணிக்கையில் சேர்ந்துவிடும். 25,000 ரூபாய்ப் போனும் அதில் ஒன்றுதான், நாலு இலட்சம் ரூபாய்ப் போனும் ஒன்றுதான். வருமானக் கணக்கு அந்த விலை வித்தியாசத்தைக் காட்டும். தொழிற்பாட்டு இலாபம் என்பது, போனைச் செய்து, விளம்பரம் கொடுத்து, ஆய்வுக்குச் செலவழித்து, சம்பளமும் கொடுத்த பிறகு வட்டிக்கும் வரிக்கும் முன்னால் மிஞ்சுவது.

அம்பாறை மாவட்டத்தில் வயல் செய்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பெரும்போகத்தில் ஒருவர் இருபது ஏக்கர் செய்திருப்பார். குத்தகை, விதைநெல், உரம், கிருமிநாசினி, வெட்டு மெஷின் கூலி எல்லாம் கழித்து, கடன் நெருக்கடியில் நெல்லையும் அறுவடைக்கால விலைக்கே கொடுத்துவிட்டால் அவர் கையில் பெரிதாக ஒன்றும் நிற்காது. சொந்தக் காணியில் ஐந்து ஏக்கர் செய்து, நெல்லைக் காயவைத்து, விலை ஏறும் வரை வைத்திருந்து விற்றவர் அவரைவிட நிம்மதியாக இருப்பார். ஊருக்குத் தெரிவது ஏக்கர் கணக்கு. அடுத்த போகத்துக்குக் கையில் காசு இருக்கிறதா என்பதைச் சொல்வது மற்றக் கணக்கு.

போன் தொழிலிலும் அந்த அடுத்த போகம்தான் முக்கியம். இலாபம் முதலில் இடம் மாறுகிறது, சந்தைப் பங்கு பிறகு அதன் பின்னால் போகிறது. இதை நொக்கியாவின் கதையில் காலாண்டுக் கணக்கோடு பார்க்கலாம். 2007 இல் முதல் ஐபோன் வந்தபோது உலக ஸ்மார்ட்போன் சந்தையில் ஏறக்குறையப் பாதி நொக்கியாவிடம் இருந்தது. 2009 இன் மூன்றாம் காலாண்டில் நொக்கியா விற்ற எல்லா வகைப் போன்களும் சேர்த்து 10 கோடியே 85 இலட்சம். அப்பிள் விற்றது 74 இலட்சம். ஏறக்குறையப் பதினைந்தில் ஒரு பங்கு. ஆனால் ஸ்ட்ரட்டஜி அனலிட்டிக்ஸ் நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி அதே காலாண்டில் ஐபோனின் தொழிற்பாட்டு இலாபம் 160 கோடி டொலர், நொக்கியா போன்களின் இலாபம் 110 கோடி டொலர்.

பட்டியலில் நொக்கியா அதற்குப் பிறகும் முதலிடத்திலேயே இருந்தது. பின்லாந்தின் எஸ்பூவில் இருந்த தலைமையகத்தில் அந்த முதலிடம் ஒரு பாதுகாப்பாகத் தெரிந்திருக்கும். ஸ்மார்ட்போன் எண்ணிக்கையில் அப்பிள் அதைத் தாண்டியது 2011 இன் இரண்டாம் காலாண்டில். மொத்தப் போன்களில் சம்சுங் தாண்டியது 2012 இல். 2013 செப்டெம்பரில் போன் தொழிலையே மைக்ரோசொப்டுக்கு விற்பதாக நொக்கியா அறிவித்தது. காப்புரிமை உரிமங்களோடு சேர்த்து விலை 544 கோடி யூரோ. வாங்கிய மைக்ரோசொப்டும் 2015 இல் அந்த வகையில் 760 கோடி டொலரை நட்டக் கணக்கில் எழுதியது. ஆக, உச்ச விற்பனையிலிருந்து விலைபோகும் வரை ஐந்தாறு வருடங்கள்தான். அந்த ஐந்தாறு வருடங்களில் அப்பிள் தன் இலாபத்தைச் சொந்தச் சிப் வடிவமைப்பிலும், தொழிற்சாலைகளில் முன்பணம் கொடுத்து உதிரிப்பாகங்களைப் பிடித்துவைப்பதிலும் போட்டது. இலாபம் என்பது அடுத்த போனுக்கான முதல். அது இல்லாதவர் பழைய போனைத்தான் விலை குறைத்து விற்கலாம்.

சரி, அப்படியானால் ஏன் எல்லாரும் சந்தைப் பங்கையே பேசினார்கள்? அவர்களிடம் ஒரு பலமான காரணம் இருந்தது. 1990களில் கணினிச் சந்தையில் விண்டோஸ் பரவியது. கூடப் பேர் வைத்திருக்கும் கணினிக்கே மென்பொருள் எழுதுகிறவர்கள் எழுதினார்கள். மென்பொருள் கூட இருக்கும் கணினியையே மக்கள் வாங்கினார்கள். அந்தச் சுழலில் மாட்டிய அப்பிள் 1997 இல் வங்குரோத்தின் வாசல் வரை போனது. ஆகவே 2013 இன் மூன்றாம் காலாண்டில் ஸ்மார்ட்போன் சந்தையில் கூகிளின் இயங்குதளமான அன்ட்ரொயிட்டின் பங்கு 80 சதவீதத்தைத் தாண்டியபோது, அதே கதை திரும்ப நடக்கிறது, ஐபோனுக்குச் செயலி எழுத ஆள் இருக்க மாட்டார் என்று பலர் எழுதினார்கள்.

அது நடக்கவில்லை. செயலி எழுதுகிறவர் பார்ப்பது தலைகளின் எண்ணிக்கையை மட்டுமல்ல, அந்தத் தலைகள் எவ்வளவு செலவழிக்கும் என்பதையும். பயனர்கள் குறைவாக இருந்தும் ஐபோன் செயலிக் கடையில் மக்கள் செலவிடும் தொகை கூகிள் பிளேயில் செலவிடுவதைவிட அதிகமாகவே இருந்துவருகிறது. இரண்டாவது, இந்தச் சந்தையின் அளவு. 2015 நிதியாண்டில் அப்பிள் விற்றது 23 கோடி ஐபோன். உலகச் சந்தையில் அது சிறிய சதவீதம்தான், ஆனால் 23 கோடிப் பேர் இருக்கும் இடத்தை எந்தச் செயலிக்காரரும் விட்டுவிட்டுப் போக முடியாது. சதவீதத்தை மட்டும் பார்த்தவர்கள் கீழே இருந்த முழுத்தொகையைப் பார்க்கத் தவறினார்கள்.

நூறு சதவீதத்துக்கு மேல் இலாபம் எடுத்த காலாண்டும் ஒன்று இருந்தது. 2016 இன் மூன்றாம் காலாண்டில் ஸ்மார்ட்போன் தொழிலின் மொத்த இலாபத்தில் அப்பிளின் பங்கு ஏறக்குறைய 104 சதவீதம் என்று முதலீட்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். கேட்கும்போது பிழை மாதிரி இருக்கும். தொழில் முழுவதும் சேர்த்து மிஞ்சியது 100 ரூபாய் என்று வையுங்கள். ஒருவருக்கு 104 ரூபாய் மிஞ்சி, மற்றவர்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் 4 ரூபாய் நட்டம் என்றால் மொத்தம் 100 தான். சம்சுங்கின் நோட் 7 தீப்பிடித்துத் திரும்பப் பெறப்பட்ட காலம் அது, எல்ஜி, எச்டிசி போன்றவர்கள் நட்டத்தில் இருந்த காலமும்கூட. எச்டிசி ஒரு காலத்தில், 2011 இல், பங்குச் சந்தை மதிப்பில் நொக்கியாவையே தாண்டிய கம்பனி. 2017 இல் தன் போன் வடிவமைப்பாளர்களில் ஒரு பகுதியினரை 110 கோடி டொலருக்குக் கூகிளிடம் அனுப்ப உடன்பட்டது. எல்ஜி ஆறு வருடங்களாக விடாமல் நட்டப்பட்டு, 450 கோடி டொலரளவில் இழந்த பிறகு, 2021 ஏப்ரலில் போன் தொழிலை மூடுவதாக அறிவித்தது. நல்ல கமரா, நல்ல வேலைப்பாடு எல்லாம் இருந்த போன்கள் அவை.

இவர்கள் திறமை குறைந்தவர்கள் என்று நான் நினைக்கவில்லை. அன்ட்ரொயிட் போன் செய்யும் ஒருவரின் நிலையைப் பாருங்கள். சிப் குவல்கொம்மிடமோ மீடியாடெக்கிடமோ வாங்க வேண்டும். இயங்குதளம் கூகிளுடையது. கமரா சென்சர் சொனியிடமோ சம்சுங்கிடமோ. திரை சம்சுங்கிடமோ சீனாவின் பிஓஈயிடமோ. பக்கத்துக் கம்பனிக்காரரும் அதே இடங்களில் அதே பொருட்களைத்தான் வாங்குகிறார். அப்புறம் எதை வைத்து வித்தியாசம் காட்டுவது? விலையை வைத்துத்தான். அப்பிளிடம் சிப்பும் தன்னுடையது, இயங்குதளமும் தன்னுடையது. வருடத்துக்கு நாலைந்து மொடல், ஒவ்வொன்றும் கோடிக்கணக்கில். ஒரு மொடலுக்குச் செய்த ஆய்வுச் செலவு அத்தனை கோடிப் போன்களில் பரவிவிடுகிறது.

விலைப் போட்டி எப்படி அரிக்கும் என்பதை கல்முனைப் பிரதான வீதியில் ஒரு சின்னப் போன் கடைக்குள் நின்றாலே காணலாம். முன்னால் கண்ணாடி அலுமாரியில் புதுப் போன் பெட்டிகள் வரிசையாக. கடையில் இருக்கும் முதலில் பெரும் பகுதி அதில்தான் முடங்கிக் கிடக்கிறது. பின்சுவர் முழுவதும் கொக்கியில் தொங்கும் கவர்கள், ஒவ்வொன்றின் மேலும் மொடல் பெயர் எழுதிய ஸ்டிக்கர். மூலையில் ஒரு சிறு மேசை, பூதக்கண்ணாடி விளக்கு, சூடுகாட்டும் துப்பாக்கி, ஒட்டுப்பசை, கழற்றிய திரைகள்.

"புதுப் போன்ல எவ்வளவு மிஞ்சும் நானா?" என்று கேட்டால் அவர் சிரிக்கிறார். "பக்கத்துக் கடையில ஐநூறு குறைச்சா நானும் குறைக்கணும் தம்பி. கவரும் டெம்பர் கிளாஸும் டிஸ்பிளே மாத்துறதும்தான் கடை வாடகையைக் குடுக்குது. போன் விக்கிறது, அந்த ஆள் திரும்ப இங்க வரணும் எண்டுதான்."

அவர் சொன்ன கடைசி வசனம்தான் ஷாவோமியின் முழு வியாபாரத் திட்டமும். 2018 ஏப்ரலில் அதன் நிறுவுநர் லெய் ஜுன், தங்கள் வன்பொருளில் நிகர இலாபம் எப்போதும் 5 சதவீதத்தைத் தாண்டாது என்று பகிரங்கமாக வாக்குக் கொடுத்தார். 2021 இன் இரண்டாம் காலாண்டில் கனாலிஸ் என்ற ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 17 சதவீதப் பங்கோடு ஷாவோமி உலகின் இரண்டாம் இடத்துக்கு வந்தது, 14 சதவீதம் வைத்திருந்த அப்பிளைத் தாண்டி. போனில் எடுக்காத இலாபத்தை அது விளம்பரத்திலும் இணைய சேவைகளிலும் எடுக்கிறது. அந்தப் பிரிவில் 100 ரூபாய் வருமானம் வந்தால் நேரடிச் செலவு போக 70 ரூபாய்க்கு மேல் மிஞ்சும். ரெட்மி போனில் பாட்டுக் கேட்கும் செயலியைத் திறந்தால், தீம் மாற்றப் போனால் விளம்பரம் வருவதும், கேட்காத செயலிகள் ஏற்கெனவே உள்ளே இருப்பதும் இதனால்தான். வாங்கும்போது குறைத்த காசை நாம் வேறு வழியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகிறோம்.

இதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். 2020 இல் பள்ளிக்கூடங்கள் மூடியபோது படுவான்கரைக் கிராமங்களில் பிள்ளைகள் சிக்னல் கிடைக்கும் மரத்தடியைத் தேடிப் போய்ப் படித்தது இப்படியான மலிவுப் போன்களில்தான். ஐந்து சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்று ஒரு கம்பனி நினைத்திருக்காவிட்டால் அந்தப் போன்கூட அந்த வீடுகளுக்கு வந்திருக்காது. ஆனால் அந்த விலை எங்கிருந்து வருகிறது என்பது வாங்குகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கூகிளின் கணக்கு இன்னொரு விதம். அன்ட்ரொயிட்டை இலவசமாகக் கொடுத்தது போன் விற்று உழைப்பதற்காக அல்ல. எந்தக் கம்பனியின் போனாக இருந்தாலும் தேடுவது கூகிளில் என்றால் போதும். அவர்களுக்குச் சந்தைப் பங்குதான் உண்மையான பலம். ஆனால் காசுள்ள பயனர்கள் ஐபோனில் இருப்பதால் அங்கும் காசு கட்டித்தான் நுழைய வேண்டியிருக்கிறது. சபாரி உலாவியில் கூகிளே இயல்பான தேடுபொறியாக இருப்பதற்கு 2022 இல் மட்டும் 2000 கோடி டொலர் அப்பிளுக்குக் கொடுத்திருக்கிறது என்பது அமெரிக்க நீதிமன்ற வழக்கின் ஆவணங்களில் வெளிவந்தது. உலகின் பெரும்பாலான போன்களுக்கு இயங்குதளம் கொடுக்கும் கம்பனி, ஐந்தில் ஒரு பங்கு போன் விற்கும் கம்பனிக்கு வாடகை கட்டுகிறது.

சம்சுங்கைத் தனியாகப் பார்க்க வேண்டும். அப்பிளைத் தவிர இந்தத் தொழிலில் தொடர்ந்து நல்ல இலாபம் பார்த்த பெரிய கம்பனி என்றால் அதுதான். அதன் கைபேசிப் பிரிவு 2013 இல் ஏறக்குறைய 25 ட்ரில்லியன் வொன் தொழிற்பாட்டு இலாபம் காட்டியது. சீனக் கம்பனிகள் கீழிருந்தும் ஐபோன் மேலிருந்தும் நெருக்க, அது குறைந்தது. ஆனாலும் சம்சுங்கிடம் இன்னொரு கை இருக்கிறது. 2017 இல் வந்த ஐபோன் எக்ஸின் ஓஎல்ஈடி திரையைச் செய்து கொடுத்தது அதுதான். அக்கரைப்பற்றில் ஒருவர் சம்சுங்கை விட்டு ஐபோனுக்கு மாறினாலும் அவர் கொடுத்த காசில் ஒரு பங்கு தென்கொரியாவுக்குப் போகக்கூடும்.

நம் ஊரில் ஐபோன் கடைசியில் எப்படி எண்ணப்படுகிறது என்பது எனக்குச் சுவையான கேள்வி. செகண்ட் ஹேண்ட் ஐபோன் கேட்டு வருகிறவர் முதலில் கேட்பது "பற்றரி ஹெல்த் எத்தனை?" என்றுதான். செட்டிங்ஸில் 84 என்றோ 79 என்றோ காட்டும் அந்த எண்ணில் விலை ஏறி இறங்கும். அந்தப் போன் எப்போதோ புதிதாகத் துபாய்க்கு அனுப்பப்பட்டபோதே எண்ணப்பட்டுவிட்டது. ஏறாவூரில் கை மாறும்போது எந்தச் சந்தைப் பங்குப் பட்டியலிலும் அது வராது. ஆனால் புதிய சொந்தக்காரர் ஐகிளவுட்டில் மாதம் ஒரு தொகை கட்டினால், ஒரு விளையாட்டில் காசு கட்டினால் அப்பிளுக்கு அது வருமானம். 2024 நிதியாண்டில் அப்பிளின் சேவை வருமானம் 9600 கோடி டொலர். கருவிகளில் நேரடிச் செலவு போக 37 சதவீதமளவில் மிஞ்ச, சேவைகளில் 74 சதவீதமளவில் மிஞ்சியது. பாவனையில் இருக்கும் அப்பிள் கருவிகள் 235 கோடி என்று 2025 ஜனவரியில் அந்தக் கம்பனி சொன்னது. பழைய ஐபோன் மூன்றாம் கைக்கும் விலைபோவதால்தான் முதல் கைக்காரர் அவ்வளவு விலை கொடுக்கத் துணிகிறார்.

அந்த மூன்றாம் கை விலை நிற்பதற்கு அப்டேட்தான் காரணம். 2015 இல் வந்த ஐபோன் 6எஸ், 2021 இல் வந்த ஐஓஎஸ் 15 வரை பெற்றது. இதே காலத்தில் மலிவு அன்ட்ரொயிட் போன்களுக்கு இரண்டு வருடம் கிடைத்தாலே பெரிய காரியம். அப்டேட் செய்வதற்குப் பொறியியலாளர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், அதற்கோ அந்தப் போனில் முதலிலேயே காசு மிஞ்சவில்லை. பல வீடுகளில் போன் உடையாமலேயே பழசாவது இப்படித்தான். ஒரு நாள் வங்கிச் செயலி 'இந்தக் கருவியில் இயங்காது' என்று சொல்லும், இன்னொரு நாள் வட்ஸ்அப் சொல்லும். இப்போது இதில் ஒரு நல்ல மாற்றம் வருகிறது. 2024 ஜனவரியில் வந்த கலக்ஸி எஸ்24 க்கு ஏழு வருட அப்டேட் என்றது சம்சுங். அதே வருடம் மலிவு வரிசையில் வந்த ஏ16 க்கு ஆறு வருடம் என்றது. இலாபம் உள்ள கம்பனிதான் இப்படி வாக்குக் கொடுக்க முடியும், அதைக் காப்பாற்றவும் முடியும். கடையில் கமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதற்கு முன், எத்தனை வருடம் அப்டேட் வரும் என்று கேளுங்கள்.

சந்தைப் பங்கு நமக்கு நேரடியாகப் பயன்படும் இடமும் உண்டு. வாழைச்சேனையில் இருந்து பொத்துவில் வரை எந்தச் சின்னக் கடையிலும் சம்சுங் ஏ வரிசைக்கோ ரெட்மிக்கோ திரை கிடைக்கும், காலையில் கொடுத்தால் பின்னேரம் வாங்கிக்கொண்டு போகலாம். ஊரில் நாலு பேர் மட்டும் வைத்திருக்கும் போன் என்றால் கொழும்புக்கு ஓர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும். சில நேரம் திரையின் விலை போனின் விலைக்குக் கிட்ட வந்துவிடும். எல்ஜி வைத்திருந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கம்பனியின் இலாபம் போனின் மென்பொருள் ஆயுளைத் தீர்மானித்தால், நம் ஊரில் அந்தப் போன் எத்தனை பேரிடம் இருக்கிறது என்பது அதன் வன்பொருள் ஆயுளைத் தீர்மானிக்கிறது. வாங்கும்போது இரண்டையும் பார்க்க வேண்டும்.

2023 இல் ஐடிசி என்ற ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி அப்பிள் எண்ணிக்கையிலும் முதலிடத்துக்கு வந்தது. 20.1 சதவீதம், சம்சுங் 19.4. 2011 இலிருந்து சம்சுங் வைத்திருந்த இடம் அது. விசேஷம் என்னவென்றால், எத்தனை ஐபோன் விற்றோம் என்று சொல்வதை அப்பிள் 2018 நவம்பரிலேயே நிறுத்திவிட்டது. அந்த எண்ணைத் துரத்தாத கம்பனியிடம் அந்த எண்ணும் வந்து சேர்ந்தது.

இனி வரும் மாதங்களில் இந்தக் கணக்கு நம் பக்கம் விலையாக இறங்கப்போகிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் இரண்டு மாதத்தில் 360 ஐத் தொட்டதையும், 2024 ஜனவரியிலிருந்து போனுக்கு 18 சதவீத வற் வரி சேர்ந்ததையும் நாம் தாங்கியாகிவிட்டது. அவை நம் நாட்டுக் காரணங்கள். இப்போது வருவது உலகக் காரணம். செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சிப்களை அள்ளிக்கொண்டு போவதால் 2025 இன் பிற்பகுதியிலிருந்து அவற்றின் விலை வேகமாக ஏறுகிறது. ஐபோனில் அந்த ஏற்றம் இலாபத்தில் ஒரு துண்டைக் கடிக்கும், அவ்வளவுதான். 40,000 ரூபாய்ப் போனில் முழு இலாபத்தையும் அது விழுங்கிவிடும். ஆகவே அந்த வகைப் போன் செய்கிறவர் விலையைக் கூட்டுவார், அல்லது அதே விலைக்கு 8 ஜிபிக்குப் பதில் 6 ஜிபி போட்டுத் தருவார். பெட்டியில் மொடல் பெயர் ஒன்றாகவே இருக்கலாம், ரேம் அளவை வாசித்துப் பார்த்துத்தான் காசைக் கொடுக்க வேண்டும். சம்சுங்குக்கோ இதிலும் இரண்டு பக்கம் இருக்கிறது. உலகில் நினைவகச் சிப் செய்யும் மூன்று பெரிய கம்பனிகளில் அதுவும் ஒன்று. அதன் போன் பிரிவுக்குச் செலவு ஏறும் அதே மாதத்தில் சிப் பிரிவுக்கு வருமானம் ஏறும்.